மேகவழியின் பதினோராம் விதி

திண்டிவனத்தில், வேலைக்குச் செல்லும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் தங்கியிருந்த இரண்டு ஆண்டுகளும் நான் தடைசெய்யப்பட்ட ஒரு சமயத்தின் உறுப்பினராக இருந்தேன். அந்தச் சமயம் உலகில் எங்கும் இருந்ததில்லை. இரண்டாம் மாடியின் கடைசி அறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நாங்கள் மூன்று பேர் அதை உண்டாக்கினோம். ஆயினும் அதற்கு விதிகள் இருந்தன. விதிகளை எழுதியவள் நான். அவற்றுள் ஒன்றை நான் சரியாக யோசித்து எழுதாததால், எங்களில் ஒருத்தி தன் வேலையையும் இருப்பிடத்தையும் ஒரே மாலையில் இழக்கும் நிலைக்கு வந்தாள்.

பெயர்களை இங்கே குறிப்பிடப் போவதில்லை. ஓர் உறுப்பினர் மற்றோர் உறுப்பினரின் பெயரை வெளியாரிடம் சொல்லக் கூடாது என்பது மூன்றாம் விதி. அந்த விதி இன்றும் நடைமுறையில் இருப்பதாகவே கருதுகிறேன்.

என் அறைத்தோழிகளுள் ஒருத்தி தனியார் இரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்த்தாள். அவளைப் பரிசோதனைக்காரி என்றே சொல்கிறேன். செஞ்சிக்கு அப்பால், அனந்தபுரம் போகும் வழியில் உள்ள ஒரு கிராமத்தில் தலைமுறைகளாகப் பயிர்செய்து வரும் சமணக் குடும்பம் அவளுடையது. வெறும் வயிற்றோடு வருபவர்களிடம் இரத்தம் எடுப்பதற்காகக் காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுவாள். நான்கு மணிக்குத் திரும்பிவிடுவாள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். விடுதியில் இரவு உணவு எட்டு மணிக்கு. எனவே மதியச் சமையலில் ஒரு பங்கை டப்பாவில் வாங்கிவைத்து, ஐந்தரை மணிக்கு ஜன்னலோரம் அமர்ந்து தனியாகச் சாப்பிடுவாள். மற்றொருத்தி பொம்மையார்பாளையத்து மீனவக் குடும்பத்துப் பெண். கண் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையில் இருந்தாள். அவளைக் கடற்கரைக்காரி என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்றவள். விழுப்புரத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில், பள்ளியை விட்டு இடையில் நின்றுவிட்ட பிள்ளைகளைப் பற்றி அறிக்கை எழுதும் வேலை. தினமும் பேருந்தில் போய் வந்தேன். ஒரு செயலைச் செய்வதற்கு முன் அதன் பின்விளைவுகளை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று எனக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. நானும் அதை நம்பினேன்.

ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அக்கதையின் மாந்தர்களாகப் பேசி நடிக்கும் ஒரு விளையாட்டைப் பற்றிப் பரிசோதனைக்காரி கைப்பேசியில் படித்திருந்தாள். அந்த மாந்தர்கள் பிழைப்பதா மாட்டிக்கொள்வதா என்பதைப் பகடை தீர்மானிக்கும். எங்களிடம் பகடை இல்லை. கடற்கரைக்காரி வீட்டிலிருந்து பித்தளைத் தாயக்கட்டைகளைக் கொண்டுவந்தாள். தாயம் விழுந்தால் தப்பித்தோம் என்று முடிவு செய்துகொண்டோம்.

கதை இதுதான். ஒரு நாட்டில் ஓர் அரசன். அவனுடைய முடிசூட்டு நாளில் மழை கொட்டிப் பந்தல் சரிந்துவிட்டது. அன்றே அவன் மேகங்களைத் தடைசெய்தான். பத்து எண்ணுவதற்கு மேல் யாரும் வானத்தைப் பார்க்கக் கூடாது. மேகங்களுக்கு நினைவு உண்டு, கீழே நடப்பதையெல்லாம் அவை மறக்காமல் வைத்திருக்கின்றன என்று நம்பிய கூட்டத்தார் தலைமறைவானார்கள். அவர்கள் மேகவழியினர். மக்கில் தண்ணீர் பிடித்து ஜன்னலில் வைத்து, அதில் தெரியும் மேகத்தை மட்டுமே வணங்குவார்கள். பரிசோதனைக்காரி அவர்களின் தலைவி. கடற்கரைக்காரி ஒற்றர் படைக்கும் அரசனுக்குமாக இரண்டு வேடங்கள் ஏற்றாள். இரண்டையும் ஒரே குரலில் செய்தாள். எனக்கு எழுத்தர் பொறுப்பு.

எழுத்தர் பொறுப்பை நான் அக்கறையோடு ஏற்றேன். இருநூறு பக்க நோட்டு ஒன்றை வாங்கி, பக்கத்தை மூன்றாகக் கோடிட்டு, விதி, நோக்கம், பின்விளைவு என்று தலைப்பிட்டேன். கடற்கரைக்காரி அதைப் புரட்டிப் பார்த்தாள்.

"ஏன்டி, இது சாமி கும்புடற நோட்டா, ரேஷன் கார்டுக்கு எழுதிப் போடற மனுவா?"

"விதி இல்லன்னா ஆளாளுக்கு ஒண்ணு செய்வாங்க" என்றேன்.

"ஆளாளுக்குன்னா யாரு? நாம மூணு பேருதான கீறோம்."

முதல் மாதம் முழுவதும் எங்கள் சமயத்துக்குக் கதைக்கு உள்ளே மட்டுமே தடை இருந்தது. பிறகு கீழ் அறைக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் தலைக்கு மேல் ஏதோ உருளும் சத்தம் கேட்பதாகப் புகார் செய்தார்கள். வார்டன் மாடிக்கு வந்தார். ஐம்பது வயதைக் கடந்தவர். நூற்றுப் பத்துப் பெண்களுக்குப் பொறுப்பேற்றிருந்த மனிதரின் களைப்பு அவர் முகத்தில் எப்போதும் இருந்தது.

"ஏம்மா, படிச்ச பொண்ணுங்க நீங்க. தாயக்கட்டைய உருட்டிக்கினு உக்காந்துகினு கீறீங்களே?"

"ஒரு கேரம் போர்டு வாங்கிக் குடுங்க மேடம், இத உட்டுர்றோம்" என்றாள் கடற்கரைக்காரி.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. அறைகளில் கூடி விளையாட்டு, வழிபாடு, நைட்டி விற்பனை ஆகியவற்றை நடத்தக் கூடாது. மூன்றும் வெவ்வேறு அறைகளைக் குறித்தவை. எங்களைக் குறித்தது முதலாவது மட்டுமே. ஆனால் முதல் இரண்டுக்கும் நாங்கள் பொறுப்பேற்றுக்கொண்டோம். பரிசோதனைக்காரி அந்தத் தாளின் முன் நெடுநேரம் நின்றாள். "நம்மள நெஜமாவே தடை பண்ணிட்டாங்கடி" என்றாள். அவள் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்து நான் பார்த்ததில்லை.

அதன் பிறகுதான் குறிகள் வந்தன. எங்கள் மூவரிடமும் கைப்பேசி இருந்தது. அதைச் சொல்லிவிடுவதுதான் நேர்மை. நாங்கள் ஒரே அறையில் வசித்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் கூட்டத்துக்கான அழைப்பைப் பொருள்களின் மூலமே தெரிவிப்பது என்று தீர்மானித்தோம். கொடியில் மஞ்சள் கிளிப் மாட்டியிருந்தால், வார்டன் மொட்டை மாடியில் இருக்கிறார். ஜன்னலில் சீப்பு நிறுத்தி வைக்கப்பட்டிருந்தால், கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. தண்ணீர் வடிகட்டியின் மேல் டம்ளர் கவிழ்ந்திருந்தால், இன்று மூன்று மணிக்கு மொட்டை மாடித் தொட்டியின் பின்னால் கூட வேண்டும்.

டம்ளர் குறி ஒரு வாரத்துக்கு மேல் நிலைக்கவில்லை. சமையல்காரம்மா டம்ளர்களைக் கழுவி வடிகட்டியின் மேல் கவிழ்த்து வைப்பது வழக்கம். அந்த வாரம் முழுவதும், தினமும் அவர் எங்களுக்குக் கூட்டம் அறிவித்துக்கொண்டிருந்தார்.

இத்தவறிலிருந்து நான் ஒரு பாடம் கற்றேன். அதை நோட்டிலும் எழுதினேன்: குறி என்பது, வெளியார் யாரும் இயல்பாகச் செய்துவிடாத ஒன்றாக இருக்க வேண்டும். இப்போது படித்தாலும் அந்த வாக்கியம் சரியாகவே தோன்றுகிறது. அதில் பாதி மட்டுமே இருந்தது என்பதுதான் குறை.

அந்தப் பாடத்தை வைத்தே பதினோராம் விதியை எழுதினேன். அது விளையாட்டுக்கானதன்று. விடுதிகளில் பெண்களுக்கு உண்மையான இக்கட்டுகள் வரும். கைப்பேசியை எடுக்க முடியாத சூழலும் வரும். அப்போது ஒருத்தி மற்றவர்களை வாய்திறக்காமல் அழைக்க ஒரு வழி வேண்டும் என்று நினைத்தேன். மாடிப்படியின் அடியில் செருப்புத் தாங்கி இருந்தது. எல்லாரும் அதைக் கடந்தே ஆக வேண்டும். உறுப்பினரின் இடது செருப்பு அங்கே கவிழ்ந்து கிடந்தால், அவளுக்கு உதவி தேவை. காரணம் கேட்காமல் உடனே அவளிடம் போக வேண்டும். செருப்பை வேண்டுமென்று யாரும் கவிழ்த்து வைக்க மாட்டார்கள் அல்லவா?

"செருப்பு கவுந்து கெடந்தா ஊட்ல சண்ட வரும்டி" என்றாள் கடற்கரைக்காரி.

"அது மூடநம்பிக்கை."

"ஆமா, மேகத்துக்கு ஞாபகசக்தி கீதுன்னு சொல்றது மட்டும் சயின்ஸு."

"அந்த நம்பிக்கையத்தான் நாம பயன்படுத்திக்கிறோம். அதனாலதான் யாரும் கவுத்து வைக்க மாட்டாங்க" என்று விளக்கினேன். பரிசோதனைக்காரி ஒப்புக்கொண்டாள். பின்விளைவு என்ற பத்தியில், "எதுவும் இல்லை" என்று எழுதினேன். நோட்டு முழுவதிலும் நான் அப்படி எழுதியது அந்த ஓர் இடத்தில் மட்டும்தான்.

அடுத்த சில மாதங்களில் பதினோராம் விதியைப் பயன்படுத்தும் தேவை யாருக்கும் வரவில்லை. ஒரு புதன்கிழமை, கரப்பான் மருந்து அடிக்க ஆட்கள் வந்தார்கள். கட்டில்கள் நகர்த்தப்பட்டன, அலமாரிப் பொருள்கள் வராந்தாவில் வைக்கப்பட்டன. மேற்பார்வை பார்த்த வார்டனின் கையில் நோட்டு கிடைத்தது. அன்று மாலை நடந்தவற்றைப் பிற்பாடு வார்டனும் பரிசோதனைக்காரியும் தனித்தனியே சொல்லக் கேட்டேன். இருவர் சொன்னதிலும் வேறுபாடு இல்லை.

வார்டன் நோட்டை முழுவதும் படித்திருக்கிறார். தடைசெய்யப்பட்ட வழி, இரகசியக் கூட்டம், தலைவிக்குக் கீழ்ப்படிதல், பெயரை வெளியிடாமை. எல்லாம் கோடிட்டு, எண்ணிட்டு, நோக்கத்தோடு எழுதப்பட்டிருந்தன. நான் கதையின் பகுதிகளை வேறு நோட்டில் வைத்திருந்தேன், ஒழுங்கு கருதி. தலைவி என்ற இடத்தில் பரிசோதனைக்காரியின் பெயர் இருந்தது. மூன்றாம் விதி எழுதப்படுவதற்கு முந்தைய பக்கம் அது. வார்டன் அவள் தந்தைக்குத் தொலைபேசினார். உங்கள் பெண் ஏதோ புதிய மதத்தில் சேர்ந்திருக்கிறாள் போலிருக்கிறது, கிளம்பி வாருங்கள் என்றார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

தந்தை நான்கரை மணிக்கு வந்துவிட்டார். பார்வையாளர் அறையில் விசாரணை நடந்தது. பரிசோதனைக்காரியின் கைப்பேசியை வார்டன் வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டார்.

"இதுல தலைவின்னு போட்டிருக்குதே, அது நீதானா?"

"ஆமா மேடம்."

"இது யாரு கையெழுத்து?"

அவள் நோட்டைத் தன் பக்கம் திருப்பி மூடி வைத்தாள்.

"எத்தன பேரு இருக்கீங்க இதுல?"

"சொல்லக் கூடாதுங்க மேடம். மூணாவது விதி."

வார்டன் அவள் தந்தையைப் பார்த்திருக்கிறார். தந்தை கைகளை முழங்கால்மேல் வைத்தபடி அமர்ந்திருந்தாராம்.

"நம்ம சாமி இன்னா ஏதுன்னு அக்கம் பக்கத்து ஊருல பாதி பேருக்குத் தெரியாது. எடுத்துச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலிக்குது. இதுல ஒளிச்சி வைக்கறதுக்குன்னு உனக்கு ஒரு சாமி வேணுமாம்மா?"

"சாமி இல்லப்பா. மேகம்."

"மேகமா?"

அதற்கு மேல் அவளால் விளக்க முடியவில்லை. விளையாட்டு என்று சொன்னாள். நாங்கள் உருட்டிய தாயத்தையும் இந்த நோட்டையும் வார்டன் சேர்த்துப் பார்க்கவில்லை. விளையாட்டென்றால் கூட விளையாடியவர்கள் யார் என்று கேட்டார்கள். அவள் மறுபடியும் வாயை மூடிக்கொண்டாள். தந்தை, சாமான்களை எடுத்து வை, ஊருக்குப் போகலாம் என்றார். பரிசோதனைக் கூடத்தில் அவள் வேலை நிரந்தரமாவதற்கு ஒரு மாதம் மிச்சமிருந்தது. சொல்லாமல் விட்டுப்போனால் அந்த இடத்துக்கு வேறு ஆள் காத்திருந்தார். நோட்டை எழுதியவள் நான் என்று நானே வந்து சொன்னால் ஒழிய எதுவும் மாறாது. அவள் முகம் கழுவி வருவதாகக் கேட்டு வெளியே வந்தாள். செருப்புத் தாங்கியில் தன் இடது செருப்பைக் கவிழ்த்து வைத்தாள். உண்மையிலேயே முகத்தையும் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று என் அலுவலகக் கூட்டம் முன்னதாக முடிந்திருந்தது. கூட்டேரிப்பட்டில் வழக்கமாகப் பத்து நிமிடம் நிற்கும் பேருந்து அன்று நிற்கவில்லை. ஐந்தே கால் மணிக்கு நான் விடுதிக்குள் நுழைந்தேன். பதினோராம் விதி எதிர்பார்த்ததெல்லாம் எதிர்பார்த்தபடியே நடந்தது என்பதைப் பதிவு செய்கிறேன். குறி சரியான இடத்தில் இருந்தது. அதைப் பார்க்க வேண்டியவள் சரியான நேரத்தில் வந்தாள். பார்த்தாள்.

வலது கால் பெருவிரலால் அந்தச் செருப்பைத் திருப்பிப் போட்டேன்.

அதைப் பற்றி நான் எதுவும் நினைக்கவில்லை. கவிழ்ந்த செருப்பைக் கண்டால் கால் தானாகப் போகும். எங்கள் வீட்டில் அம்மா, அக்கா, நான், எல்லாரும் அப்படித்தான். திருப்பியதோடு நில்லாமல், அதை வலது செருப்போடு சேர்த்து ஒழுங்காகவும் வைத்தேன். பிறகு மாடிக்குப் போனேன். மருந்து வாடை அடித்தது. பொருள்களை அலமாரியில் அடுக்கினேன். நோட்டு இல்லாததைக் கவனிக்கவில்லை. முறுக்கு இருந்தது, நான்கு சாப்பிட்டேன்.

கீழே, நேரமாகும் என்று தெரிந்தே வந்திருந்த தந்தை, வீட்டிலிருந்து எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பொழுது சாயப் போகிறதென்று, பார்வையாளர் அறையிலேயே இருவரும் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். அதற்கு இருபது நிமிடம் ஆகியிருக்கிறது. அந்த இருபது நிமிடமும் எனக்கு இருந்தது.

ஜன்னல் வழியாக, தெருவில் ஒரு பெரியவர் பையோடு நடப்பதையும், அவருக்குப் பின்னால் பரிசோதனைக்காரி நடப்பதையும் பார்த்தபோதுதான் எனக்குச் செருப்பு நினைவுக்கு வந்தது. இறங்கி ஓடினேன். தாங்கியில் அவள் செருப்பு இல்லை. பேருந்து நிலையத்தில் செஞ்சிப் பேருந்தும் இல்லை.

விடுதிக்குத் திரும்பியபோது வார்டனின் மேசைமேல் எங்கள் நோட்டைக் கண்டேன். அன்றே அவரிடம் போய், அதை எழுதியவள் நான் என்று சொன்னேன்.

"நீயா? சும்மா இரும்மா. அவள காப்பாத்தணும்னு சொல்ற."

"என் லீவ் லெட்டர எடுத்துப் பாருங்க மேடம்."

அவர் கோப்பிலிருந்து என் விடுப்புக் கடிதத்தை எடுத்து நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். நெடுநேரம் பார்த்தார். "நீ எழுதினதுன்னு தெரிஞ்சிருந்தா, ஏதோ சர்வேன்னு நெனச்சி எடுத்த எடத்துலயே வச்சிருப்பேனே" என்றார். அவர் குரலில் கோபத்தைவிட ஏமாற்றமே மிகுந்திருந்தது. பிறகு அவள் தந்தைக்குத் தொலைபேசி, விஷயம் வெறும் கதைதானாம், நீங்கள் அழைத்து வந்தால் அறை இருக்கிறது என்றார். அவர், சரிங்க என்று சொல்லி வைத்துவிட்டார். அழைத்து வரவில்லை. பரிசோதனைக் கூடத்தில், காய்ச்சல் என்று கடற்கரைக்காரி சொல்லிவைத்தாள். திங்கட்கிழமை வரை பார்ப்போம் என்றார்கள்.

கடற்கரைக்காரி என்னிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டாள். "அவ செருப்ப கவுத்து வைக்கலையாடி?"

"நான் வந்தப்ப நேராத்தான் இருந்திச்சு" என்றேன். நான் அதைவிட்டு நகர்ந்தபோது நேராக இருந்தது உண்மை. வார்டனிடம் சொல்ல முடிந்த எனக்கு அவளிடம் சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் அந்தக் கிராமத்துக்குப் போனோம். வார்டனிடமிருந்து நோட்டைக் கேட்டு வாங்கி, கதை எழுதிய மற்ற நோட்டோடு சேர்த்து எடுத்துப் போனேன். வாசலில் மல்லாட்டை என்று அவர்கள் சொல்லும் நிலக்கடலையைக் காயவைத்திருந்தார்கள். ஓரமாக, வேப்பமரத்து நிழலில் தந்தை கயிற்றுக் கட்டிலில் அமர்ந்திருந்தார். எங்களுக்கு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. பரிசோதனைக்காரி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

நான் விளக்கத் தொடங்கினேன். விளையாட்டின் தோற்றம், நோக்கம், குறிகளின் வரலாறு, வார்டனின் நிலைமை, என் பொறுப்பு. வரிசையாகச் சொன்னேன். அவர் இடைமறிக்காமல் இரண்டு நோட்டுகளையும் வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து படித்தார். படிக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் கடற்கரைக்காரி ஒரு முறம் மல்லாட்டையை உரித்து முடித்துவிட்டாள்.

"மூணு வருஷமா மழையே இல்லன்னு போட்டிருக்குது" என்றார் அவர்.

"ஆமாங்க."

"ஜனங்க சந்தையில கேப்பை வாங்கறாங்கன்னும் போட்டிருக்குது. அது எங்கேந்து வந்துது?"

"பக்கத்து நாட்டுலேந்துங்க."

"அங்க மேகம் இருக்குதா?"

"இருக்குதுங்க."

"அப்ப ஜனங்க அங்க போயிருவாங்களே. இந்த ராஜாவ வச்சிக்கினு இங்க ஏன் பேஜாரு படணும்?"

அது என் பின்விளைவுப் பத்தியில் இல்லை. யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

"ஐயா, அந்த ராஜா நான்தான்" என்றாள் கடற்கரைக்காரி. "எனக்கே என்னப் புடிக்காது."

அவர் சிரிக்கவில்லை, ஆனால் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தச் சாமி, மதம் எதுவும் எனக்குக் கவல இல்லமா. அந்தம்மா ஒரு மணி நேரமா கேக்கறாங்க. எம்பொண்ணு ஒரு பேரும் சொல்லல. யாருக்கோ பயந்துகினு வாய மூடிக்கினு கீதுன்னு நெனச்சேன். அதான் இட்டுக்கினு வந்துட்டேன்."

"எனக்காகத்தாங்க சொல்லல."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன்ன பாத்தா பயப்படற மாதிரி இல்லியே" என்றார்.

பிறகும் நான் விளக்கினேன். விதிமுறைகளின் அவசியம் குறித்தும், தலைமறைவுக் கூட்டங்களின் உளவியல் குறித்தும் சொன்னதாக நினைவு. அவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியில், "பாக்கலாம்மா" என்றார். நான் நோட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்து கும்பிட்டேன். என் கடமையை முடித்துவிட்டதாக எனக்குத் தோன்றியது.

வேலிப் படலருகே எங்கள் செருப்புகள் இருந்தன. கடற்கரைக்காரியுடையவை நேராக இருந்தன. என் வலது செருப்பும் நேராக இருந்தது. இடது செருப்பு கவிழ்ந்து கிடந்தது.

கால் கிளம்பிவிட்டது. பெருவிரல் செருப்பைத் தொடுவதற்கு முன் அதை நான் நிறுத்தினேன். ஒற்றைக் காலில் சிறிது நேரம் நின்றேன். பிறகு, எதையோ மறந்துவிட்டேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, பின்பக்கமாகச் சுற்றிச் சமையலறைக்குப் போனேன்.

அவள் அடுப்பருகே நின்றிருந்தாள்.

"புதன்கெழம நீ செருப்ப வச்சிருந்த" என்றேன். "நான்தான் திருப்பிப் போட்டேன்."

"தெரியும். பார்வையாளர் ரூம் ஜன்னல்லேந்து பாத்துக்கினுதான இருந்தேன்."

"கூப்பிட்டிருக்கலாமே?"

"பேரச் சொல்லித்தான கூப்படணும்." கரண்டியைக் கீழே வைத்தாள். "திருப்பனதுகூட பரவால்லடி. ஜோடியா வேற வெச்சிட்டுப் போற."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருந்ததையும், நான் செருப்பை ஒழுங்குபடுத்திவிட்டு மாடியேறியதையும் ஒருசேர நினைத்துப் பார்த்தேன். அந்த நினைவு அதன்பின் என்னைவிட்டு முழுவதும் போனதில்லை.

"எங்கப்பா பாக்கலாம்னா, இல்லன்னு அர்த்தம்" என்றாள். "காலையிலேந்து நீ பேசறதுக்கெல்லாம் பதில் சொல்லிக்கினு கீறாரு. நீ இன்னும் ஒண்ணுமே கேக்கல."

"என்ன கேக்கணும்?"

"அத நானா சொல்லணும்? நாளைக்கு ஆறரைக்கு நான் லேப்ல இருக்கணும்டி. ஜல்தி போ."

அவள் சொல்வது உண்மை என்று அப்போதுதான் உணர்ந்தேன். காரணங்கள், சூழல்கள், பொறுப்புகள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவளைத் திரும்ப அனுப்புங்கள் என்று அவரிடம் நான் கேட்கவே இல்லை. விளக்கம் போதுமான அளவு தெளிவாக இருந்தால் முடிவு தானாக வந்துவிடும் என்று நம்பியிருந்தேன்.

முன்பக்கம் போனேன். அவர் மல்லாட்டையைக் கையால் கிளறிக்கொண்டிருந்தார்.

"ஐயா, உங்க பொண்ண எங்களோட அனுப்புங்க" என்றேன். அதற்குமேல் சொல்ல நிறைய வந்தது. சொல்லவில்லை.

அவர் கிளறுவதை நிறுத்தவில்லை. பின்னால் கதவருகே அவள் வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது.

"சாயங்காலம் பஸ் எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.

"நாலரைக்கு ஒண்ணு இருக்குதுங்க."

"அதுல போனா அங்க சேர்றதுக்குள்ள பொழுது போயிருமே. அது சாப்பிட்டுட்டுக் கெளம்பட்டும்." உள்ளே பார்த்து, "பைய எடுத்து வைம்மா" என்றார்.

நான்கு மணிக்கு நாங்கள் மூவரும் புறப்பட்டோம். அவர் படல் வரை வந்தார். "இந்த ஜாடை, கீடையெல்லாம் வச்சிக்கறதுன்னா வச்சிக்குங்க. அந்தப் பதினோராவது நல்ல விதி. அது இருக்கணும்" என்றார். நோட்டில் அவருக்கு உடன்பாடான பகுதி ஒன்று இருந்தது எனக்கு நிறைவாக இருந்தது. நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

பேசிக்கொண்டே வந்தவர், கீழே பார்க்காமல், கவிழ்ந்து கிடந்த என் செருப்பைக் காலால் திருப்பிப் போட்டார். வலது செருப்போடு சேர்த்தும் வைத்தார்.

நாங்கள் மூவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். "இன்னாம்மா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை ஐயா என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டேன். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்த பரிசோதனைக்காரி, என் மடியிலிருந்த விதி நோட்டை எடுத்து, பதினோராம் விதிக்கு எதிரே பின்விளைவு என்ற பத்தியில் இருந்த "எதுவும் இல்லை" என்பதை அடித்தாள். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று செஞ்சி வரும்வரை யோசித்தோம். பிறகு அதை வெறுமையாகவே விட்டுவிட்டோம்.